எட்டாவது வரிசை

பாலக்கோடு
29.6.2025

சுச்சிக் குட்டிக்கு,

அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைக்குப் போய் வருகிறேன். உனக்குச் சளி பிடிக்காமல் இருக்கிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, வயிறு நிறையச் சாப்பிடுகிறாயா? இதெல்லாம் தெரியாமல் இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடுதியிலிருந்து போன் போட்டுத் தருகிறார்கள். ஐந்து நிமிஷம். நான் "கண்ணு, கண்ணு" என்கிறேன். உன் மூச்சு மட்டும் கேட்கிறது. நேரில் வந்தபோதும் என் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே தவிர, வாயைத் திறக்கவில்லை. உங்கள் கணக்கு டீச்சர் கோகிலவாணி அம்மாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பேச வரலன்னா எழுதிப் பாருங்கம்மா. எழுதுனா எழுதுவா." அதனால் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும். சிரிப்பு வந்தால் சிரி, எனக்கு அதுவே போதும்.

நம் சின்னவள் காவியா குட்டையில் விழுந்து போய் நாற்பது நாள் தாண்டிவிட்டது. இப்போது குட்டையைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். நான் அதே நாற்றுப் பண்ணைக்குத்தான் போகிறேன். "அந்த எடத்துல எப்படிடி கால வெக்கற?" என்று ஊரே கேட்கிறது. வேறு எங்கே போக? அவள் கடைசியாக ஓடின இடம் அதுதானே.

உங்கப்பா பெங்களூருக்கே சென்ட்ரிங் வேலைக்குப் போய்விட்டார். இருந்த பத்து நாளும் என்னோடு பேசவில்லை. வூட்டில் நான் ஒருத்திதான்.

அன்றைக்கு என்ன ஆயிற்று என்று உன்னை நான் கேட்கமாட்டேன் சாமி. யாரையும் கேட்கவும் விடமாட்டேன். ஒரு வரி எழுது. "சாப்பிட்டேன்" என்று எழுதினாலும் சரி.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டு,
அம்மா மாதம்மாள்


மொரப்பூர்
16.7.2025

மாதம்மாள் அம்மாவுக்கு,

வணக்கம். நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? சுசித்ராவுக்குக் காய்ச்சல், வயிற்றுவலி எதுவும் இல்லை. உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். பதில் வரவில்லையே என்று மனம் விட்டுவிடாதீர்கள்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். தமிழ், அறிவியல் எல்லாம் நோட்டில் ஒழுங்காக எழுதுகிறாள். கணக்கில்தான் எனக்குப் புரியவில்லை. வாய்ப்பாடு எழுதச் சொன்னேன். இரண்டிலிருந்து பத்து வரை, ஒன்பது பக்கம், அச்சடித்த மாதிரி எழுதிக் கொடுத்தாள். ஆனால் 6 × 1 = என்று எழுதி நிறுத்திவிட்டாள். அடுத்த வரியில் 6 × 2 =. அதற்கும் அப்படியே. ஒன்பது பக்கத்திலும் இடப் பக்கம் நிறைந்திருக்கிறது. வலப் பக்கத்தில் ஓர் எண்கூட இல்லை. பிடிவாதமா, தெரியவே தெரியாதா? ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் இவளுக்கு வாய்ப்பாடு நன்றாக வரும் என்று குறித்து அனுப்பியிருக்கிறார். இது வரவில்லை என்றால் வகுத்தல், பின்னம் என்று வரிசையாக எல்லாம் நின்றுபோகும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியை நல்லவர், ஆனால் அவருக்கும் பயம். "வாயே தொறக்காத பொண்ண நான் எப்படி ஹாஸ்டல்ல வெச்சுக்கறது? ஏதாவதுன்னா சொல்லக்கூட மாட்டாளே?" என்கிறார். அரையாண்டுத் தேர்வு வரை நான் அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதற்குள் அவள் பேச வேண்டும்.

உங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.
கோகிலவாணி


பாலக்கோடு
20.7.2025

டீச்சர் அம்மாவுக்கு மாதம்மாள் கும்பிட்டு எழுதுவது. நீங்களும் உங்கள் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும்.

பிடிவாதம் இல்லை டீச்சர். அவளுக்குப் பதில் தெரியாது. கேள்வி மட்டும்தான் தெரியும்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே சார். வாய்ப்பாட்டுக்கு அவர் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து உட்கார வைப்பார். ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் "ஆறேழு" என்று கேட்க வேண்டும். கதவுப் பக்கம் இருப்பவர்கள் "நாப்பத்திரண்டு" என்று கத்த வேண்டும். சத்தம் ரோடு வரைக்கும் வந்தால் எல்லாருக்கும் வாய்ப்பாடு வந்துவிட்டது என்று கணக்கு. சுச்சி எப்போதும் ஜன்னல் பக்கம். காவியா சின்னவள், ஒன்றாம் வகுப்பிலிருந்தே கதவுப் பக்கம். சுச்சியைத் தனியாக எழுப்பிக் கேட்டால், சின்னவள் எதிரில் உட்கார்ந்து விரலைக் காட்டிவிடுவாள். சாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். கள்ளிகள் என்று சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

வூட்டிலும் அதே ஆட்டம்தான். நான் பாத்திரம் துலக்கும்போது இவள் கேட்பாள், அவள் சொல்வாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாய்ப்பாடு டீச்சர். அதில் பாதியை மண்ணில் வைத்துவிட்டேன்.

நாற்றுப் பண்ணையில் தண்ணீர் தேக்கக் குட்டை வெட்டி, உள்ளே கறுப்பு பிளாஸ்டிக் தாள் விரித்திருப்பார்கள். கால் வைத்தால் வழுக்கும், பிடித்து ஏற ஒன்றும் இருக்காது. மே மாதம் லீவு என்று இரண்டு பேரையும் வேலைக்குக் கூட்டிப்போயிருந்தேன். நான் முப்பது அடி தள்ளித்தான் இருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

உங்கள் கடிதத்தில் இருந்ததை அவங்கப்பாவிடம் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "வாய் பேசாத புள்ளைக்கு என்னாத்துக்குப் பள்ளிக்கூடம்? பெங்களூருக்கு இட்டாந்து எங்கூட வெச்சுக்கறேன். சோறாக்கிப் போட்டுக்கிட்டு கெடக்கட்டும். உன்கிட்ட வுட்டா இருக்கறதும் போயிரும்" என்கிறார். அந்தத் தகரக் கொட்டாயில், பதினொரு வயசுப் பிள்ளை, பகலெல்லாம் தனியாக.

அவளைக் கைவிட்டுவிடாதீர்கள். எனக்கு இரண்டு இருந்தது. இப்போது ஒன்று. நான் என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்,
மாதம்மாள்


மொரப்பூர்
10.8.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா? சாப்பிட்டேன். தலைக்கு எண்ணெய் வைக்கிறேன். பக்கத்துக் கட்டில் பெண் பேர் பாரதி. அவள் தூக்கத்தில் உதைக்கிறாள்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. வாய்ப்பாடு அட்டை காட்டுகிறார்கள். எனக்கு வாய்ப்பாடு வேண்டாம் அம்மா. டீச்சரிடம் சொல்லிவிடு.

இப்படிக்கு,
சுசித்ரா


பாலக்கோடு
17.8.2025

என் சுச்சித் தங்கத்துக்கு,

உன் கார்டு வந்தது. பத்து தடவை படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். பாரதி உதைத்தால் நீயும் திருப்பி ஒன்று வை. கால் சேர்ந்துகொண்டால் ஸ்நேகிதம்.

வாய்ப்பாடு வேண்டாம் என்று சொல்லாதே சாமி. உன்னை அங்கே பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு வேறு கயிறு இல்லை. அதனால் நானும் படிக்கிறேன். நிஜமாகத்தான். எங்கே தெரியுமா? குழித்தட்டில்.

இத்தனை வருஷமாகத் தக்காளி நாற்றுக்குத் தட்டில் நார்த்தூள் அடைத்து விதை போடுகிறேன். குறுக்கே ஏழு குழி, நீளத்தில் பதினாலு வரிசை. கைக்குத் தெரியும், மூளைக்குத் தெரியாது. போன வாரம் ஒவ்வொரு வரிசை முடியும்போதும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஓரேழு ஏழு. ஈரேழு பதினாலு. குள்ளம்மாள் அக்கா பார்த்துவிட்டு, "ஏண்டி மாதம்மா, வெதைக்கு மந்திரம் ஓதறியா? சீக்கிரம் மொளைக்குமா?" என்றாள். ராமக்காள் விட்டாளா? "சும்மா இருக்கா, அவ கலெக்டர் பரிச்சைக்குப் படிக்கறா. நாளைக்கு நம்மள வேலைய வுட்டுத் தூக்கிருவா." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாசம் கழித்து வந்த சிரிப்பு. வந்ததும் பயமாகிவிட்டது.

உன் டீச்சர் எனக்குப் போனில் ஒரு வழி சொன்னார். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாமாம். தெரிந்த இடத்தில் நின்றுகொண்டு ஓர் அடி எடுத்து வைத்தால் போதுமாம். ஐந்து வரிசைக்கு முப்பத்தைந்து, அது எனக்கு உடனே வந்துவிடும். அதற்கு மேல் ஒரு வரிசை என்றால் நாற்பத்திரண்டு. பத்து வரிசைக்கு எழுபது. அதில் ஒன்றைக் குறைத்தால் அறுபத்துமூன்று. தட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால் ஆறேழு ஏழாறு ஆகிவிடும், ஆனால் குழி அதே குழிதான். அப்படியென்றால் படிக்க வேண்டியதில் பாதி குறைந்துபோச்சு பார்! இதை யாரும் எனக்குச் சின்ன வயசில் சொல்லவில்லையே.

ஓரம் உடைந்துபோன தட்டு ஒன்றைப் பத்து வரிசைக்கு வெட்டி, கழுவி, சின்னம்மாள் அத்தையிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தை மொரப்பூர் வூட்டுக்குப் போகும்போது உன்னிடம் தந்துவிடுவாள். ஒவ்வொரு வரிசைக்கும் விரலை வைத்துப் பார். நான் இங்கே வைப்பேன், நீ அங்கே வை.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுது.
உன் அம்மா


மொரப்பூர்
22.9.2025

மாதம்மாள் அம்மாவுக்கு,

வணக்கம். மழையில் நனையாமல் வேலைக்குப் போகிறீர்களா? சுசித்ரா நலம்.

நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். ஒன்பது பக்கத்து வலப் பக்கமும் நிறைந்துவிட்டது. நான் அவளைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்திக் கேட்கவில்லை. கடிகாரம் வைத்து விரட்டவும் இல்லை. மதிய இடைவேளையில் பத்து அட்டை காட்டுவேன். ஏழு அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை, மூன்று புதியவை. இரண்டை இரட்டித்தால் நாலு, நாலை இரட்டித்தால் எட்டு என்று அவளே கண்டுபிடித்தாள். முதலில் கூட்டிப் பார்த்து எழுதியவள், இப்போது அட்டையை நான் முழுதாகத் திருப்புவதற்குள் எழுதிவிடுகிறாள். உங்கள் குழித்தட்டு இல்லாவிட்டால் ஏழாம் வாய்ப்பாடு வந்திருக்காது. அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளுக்கும் அட்டையில் குழி வரைந்து கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று மட்டும் நிற்கிறது. 7 × 8. அதைத் திருப்பிப் போட்டாலும், 8 × 7, அப்போதும் இல்லை. பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள். ஏழேழு நாற்பத்தொன்பது எழுதுகிறாள், ஒன்பதேழு அறுபத்துமூன்று எழுதுகிறாள், நடுவில் ஓர் ஓட்டை. நிறையப் பிள்ளைகளுக்குக் கடைசியில் நிற்பது இதுதான் என்று நினைத்தேன். பிறகுதான் தட்டைக் கவனித்தேன். எட்டாவது வரிசையின் ஏழு குழியிலும் ஈர மண்ணை வைத்து அடைத்திருக்கிறாள். ஏனென்று உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

பேச்சு இன்னும் வரவில்லை. போன வாரம் உங்கள் கணவர் வந்திருந்தார். தலைமையாசிரியையிடம் "அரையாண்டுப் பரிச்சை முடிஞ்சதும் வந்து கூட்டிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

காலாண்டு விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று எல்லாரையும் எழுதித் தரச் சொன்னோம். அவள் "அத்தை வீடு" என்று எழுதியிருக்கிறாள். உங்களுக்கு வருத்தமாக இருக்கும். மன்னியுங்கள்.

தைரியமாக இருங்கள்.
கோகிலவாணி


பாலக்கோடு
6.10.2025

சுச்சிக் கண்ணு,

நீ எப்படி இருக்கிறாய்? அத்தை வூட்டில் நன்றாகச் சாப்பிட்டாயா? எனக்கு ஒன்றும் இல்லை.

ஒன்பது நாள் லீவில் ஒரு நாளாவது வருவாய் என்று பருப்பு ஊறப்போட்டேன், வடை சுட. இரண்டு நாள் ஊறப்போட்டேன். வரவில்லை. நானே புறப்பட்டு வந்தேன். அத்தை கதவைத் திறந்தாள், நீ பின்வாசல் வழியாகப் போய்விட்டாய். "வந்துருவா அண்ணி, உக்காருங்க" என்றாள் அத்தை. கடைசி பஸ் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்க்க உனக்குப் பிடிக்கவில்லையா? நான் அவளைப் பார்த்துக்கொள்ளவில்லை என்று உனக்கும் கோபமா? அப்படியென்றால் எழுதித் திட்டு. வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா டிசம்பரில் வருகிறேன் என்கிறார். நீ பேசாவிட்டால் டீச்சராலும் உன்னைப் பிடித்து வைக்க முடியாது, என்னாலும் முடியாது. எல்லாம் எழுதுகிறாயாம், ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறாயாம். அது அவ்வளவு கஷ்டமா? நான் சொல்லித் தருகிறேன், இதோ: ஏழெட்டு ஐம்பத்தாறு. தட்டில் விரலை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டேன். ஏழெட்டு ஐம்பத்தாறு. ஏழெட்டு ஐம்பத்தாறு. ஏழெட்டு ஐம்பத்தாறு. இந்த ஒரு வரியைப் பார்த்து எழுதிவிடு. அதற்கப்புறம் ஒரு தடவை வாயால் சொல்லிவிடு. அம்மா உன் காலில் விழுகிறேன். வயசில் பெரியவள் விழக்கூடாது என்பார்கள், பரவாயில்லை. ஐம்பத்தாறு கண்ணு. இதைச் சொல்லிவிட்டால் நீ எனக்கு மிஞ்சுவாய்.

சொல்லிவிடு சாமி.
அம்மா


மொரப்பூர்
2.11.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலமாக இல்லை. நீ நலமா?

ஐம்பத்தாறு என்று எனக்குத் தெரியும் அம்மா. ஆகஸ்டிலேயே தெரியும். அதை நான் சொல்லக் கூடாது. அவள்தான் சொல்ல வேண்டும்.

நீ கேட்கமாட்டேன் என்று எழுதினாய். நானே சொல்கிறேன். நாங்கள் வாய்ப்பாட்டுக் கண்ணாமூச்சி விளையாடினோம். நான் பச்சை வலைப் பந்தல் கம்பத்தில் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் ஒளிய வேண்டும். நான் கேள்வி கேட்டால் அவள் ஒளிந்த இடத்திலிருந்தே பதில் சொல்ல வேண்டும். சத்தம் வந்த திசையைப் பார்த்து நான் ஓடிப் பிடிக்க வேண்டும். மூன்று தடவை கேட்டும் சொல்லவில்லை என்றால் அவள் அவுட். பதில் வரும் வரைக்கும் நான் திரும்பக் கூடாது. இது நான் போட்ட சட்டம்.

அன்றைக்கு அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம். கஷ்டமானதாகக் கேட்க வேண்டும் என்று ஏழெட்டு கேட்டேன். சொல்லவில்லை. மறுபடி கேட்டேன். சொல்லவில்லை. மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே இருந்தேன். ரொம்ப நேரம். திரும்பவே இல்லை. அப்புறம் "தோத்துட்டடி" என்று கத்தினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது அம்மா. உன்னிடம் வந்து சொன்னேன். தண்ணீர் குடித்தேன்.

அவளுக்குப் பதில் தெரியாததால் வெட்கப்பட்டுக் குட்டைப் பக்கம் போய் ஒளிந்திருப்பாள். நான் ஐயைந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஓடிப் போய்ப் பிடித்திருப்பேன்.

நான் பதிலைச் சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும்.

உன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. அப்பாவிடம் சொல்லாதே.

சுசித்ரா


மொரப்பூர்
24.11.2025

மாதம்மாள் அம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? போன் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். சுசித்ரா உங்களுக்கு எழுதிப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது, ஒட்டித்தான் கொடுத்தாள். தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள். நேற்றிலிருந்து இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. சத்து மாத்திரை கொடுத்தாலும் துப்பிவிடுகிறாள்.

திட்டியாவது எழுதுங்கள். ஏதாவது எழுதுங்கள். உங்களைத் தவிர யார் பேச்சும் அவளுக்குள் போகாது. அரையாண்டுக்குப் பதினைந்து நாள்தான் இருக்கிறது.

அவசரத்தில்,
கோகிலவாணி


பாலக்கோடு
30.11.2025

என் சுச்சிக் குட்டி,

முதலில் சாப்பிடு. இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து மீதியைப் படி.

சாப்பிட்டாயா?

உன்மேல் கோபம் என்று நினைத்துவிட்டாயா? இல்லை கண்ணு. எழுதத் தைரியம் இல்லாமல் இருந்தேன். நீ பதினொரு வயசில் எழுதிவிட்டாய். எனக்கு ஆறு மாசமாக இதை எழுத வரவில்லை.

அவளுக்கு ஏழெட்டு தெரியாதா? உனக்கே தெரியும், அவள் அதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். தெரியாமல் அவள் சும்மா இருக்கவில்லை. நான்தான் சும்மா இருக்கச் சொன்னேன். அன்றைக்கு நாற்று வாங்குகிறவர்களை ஓனர் கூட்டி வந்திருந்தார். நீ கம்பத்தில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கமாக ஓடி வந்தாள். நான் கையைப் பிடித்து, "சத்தம் போடாத, ஆளுங்க வந்திருக்காங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் குட்டைப் பக்கம் போனாள். உன் சட்டத்தின்படி அவள் பதில் சொல்லியிருப்பாள். என் சட்டத்தின்படி சொல்லவில்லை.

நீ மூன்று தடவை கேட்டது என் காதில் விழுந்தது. பதில் வராததும் விழுந்தது. "பரவால்ல, சொன்னதக் கேக்கறா" என்று நினைத்துக்கொண்டு அடுத்த தட்டை எடுத்தேன். நீ வந்து "தோத்துட்டாம்மா" என்றாய். நான் பெரியவள், "அவ எங்க?" என்று கேட்டிருக்க வேண்டும். "தண்ணி குடிச்சிட்டு நெழல்ல உக்காரு" என்றேன். மூன்று தட்டு அடைத்தேன். அதற்கப்புறம்தான் எழுந்தேன்.

கேள்வி கேட்டதால் யாரும் சாகமாட்டார்கள். நீ கண்ணை மூடியிருந்தாய். நான் திறந்து வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்தேன். இதில் எது தப்பு என்று நீயே சொல்லு. உன்னிடம் இருப்பதை இறக்கி என் தலையில் வைத்துவிடு. அது என்னுடையது. நீ தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

ஆட்டம் முடியட்டும் சாமி. நீ முடிக்காமல் இருந்தால் அவளும் ஒளிந்தே இருக்க வேண்டும். எத்தனை நாள்தான் பாவம் ஒளிந்திருப்பாள்? பதிலைச் சொல்லி, அவளை வெளியே விட்டுவிடு.

அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். உன்னைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி.

இரண்டு கையாலும் உன் முகத்தைப் பிடித்துக்கொண்டு,
அம்மா


மொரப்பூர்
14.12.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ சாப்பிட்டாயா? நான் சாப்பிட்டேன். அன்றைக்கு நீ சொன்ன மாதிரி பாதியில் மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை டீச்சர் அட்டை காட்டும்போது நான் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். நானே ஏழெட்டு என்று கேட்டேன். நானே ஐம்பத்தாறு என்று சொன்னேன். குரல் காக்காய் மாதிரி வந்தது. பாரதி பயந்துவிட்டாள். டீச்சர் அழுதார்கள். அப்புறம் நானும் அழுதேன். அப்புறம் டீச்சர் எட்டெட்டு கேட்டார்கள், அறுபத்துநாலு சொன்னேன். ஒன்பதாறு கேட்டார்கள். மணி அடிக்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லாம் வந்தது. ஹெச்.எம். கூட வந்து நின்று கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன். ஆனால் நேரில்தான் முதலில் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. 24-ஆம் தேதி லீவு. வீட்டுக்கு வருகிறேன். அப்பா வந்தால் நான் இங்கேயே படிக்கிறேன் என்று நானே சொல்வேன்.

அம்மா, நீ சத்தம் போடாதே என்று சொன்னது தப்பு இல்லை. நீ எப்போதும் அப்படித்தான் சொல்வாய். நாங்கள் ஒரு நாளும் கேட்டதில்லையே. அவள் கேட்கவே மாட்டாளே.

வடைக்குப் பருப்பு ஊறப்போடு.

உன் அன்பு மகள்,
சுச்சி


23.12.2025

காவியாக் குட்டி, என் வாயாடி,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. நான் இருக்கிறேன். இதற்கு விலாசம் கிடையாது. எழுதி மடித்து, நாளைக்கு அக்கா வருவதற்குள் அடுப்பில் போட்டுவிடுவேன்.

அக்கா பேசிவிட்டாள். நீ விட்டுவிட்டுப் போன பாதியை அவளே படித்துக்கொண்டாள். காலையில் போன் போட்டு உங்கப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவ அங்கயே படிக்கட்டும்" என்றார். "உன்ன நான் பாக்க முடியாது" என்றார். சரி என்றேன்.

அக்காவுக்கு எழுதியதெல்லாம் நிஜம். ஒன்றை மட்டும் குறைத்து எழுதினேன். பச்சைப் பிள்ளை, அதற்கு மேல் தாங்கமாட்டாள். "சத்தம் போடாத" என்று மட்டுமா சொன்னேன்? உன் மேல்கையில் நகம் பதியக் கிள்ளினேன். "இனி வாயிலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு, என்ன ஆனாலும் சரி, தோல உரிச்சிருவேன்" என்றேன். உன் கண் நிறைந்துவிட்டது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு போனாய். குளிப்பாட்டிக் கிடத்தினபோதும் அந்த நகத் தடம் இருந்தது. பார்த்தவர்கள் குட்டையில் விரித்த தாள் கிழித்தது என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

நீ ஒருநாளும் என் பேச்சைக் கேட்டதில்லை என்று அக்கா எழுதியிருக்கிறாள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. முப்பது அடிதான். நீ ஒரு தடவை "அம்மா" என்றிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். நீ கத்தினால் ரோடு வரைக்கும் கேட்குமே.

கால் வழுக்கினபோது, தண்ணீர் வாய்க்கு வந்தபோது, நான் திட்டுவேன் என்றுதான் என்னைக் கூப்பிடாமல் இருந்தாயா சாமி?